கம்பளிக்குள் வளர்ந்த கினிக்கோழிகள்

கினிக்கோழிக் குஞ்சுக்குச் சிறகு முளைக்கும்வரை ஈரம் ஆகாது. பனி இறங்கிய புல்லில் கால் மணி நேரம் நடந்தால் போதும், மறுநாள் காலையில் சுருண்டு கிடக்கும். ஐம்பதுகளின் நடுவில் நான் எழுதிய நாட்குறிப்புகளில் இந்தச் செய்தி மூன்று இடங்களில் வருகிறது. மூன்று தடவையும் அன்றுதான் கண்டுபிடித்தது போல எழுதியிருக்கிறேன்.

அப்போது நான் இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடிக்குக் கங்காணியாக இருந்தேன். பறித்து வந்த கொழுந்தைச் சணல்துணித் தட்டுகளில் பரப்பி, சூடான காற்று ஓடவிட்டு வாட வைப்பது அங்கே வேலை. கூடுதலாக வாடினாலும் குறைவாக வாடினாலும் அன்றைய தேயிலை கெட்டுவிடும். அதனால் மாடியில் இரண்டு வெப்பமானிகள் தொங்கும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும்; மற்றது வெறுமனே இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் சன்னலைத் திறப்பதும் மூடுவதும். மணிக்கு ஒருதரம் அதைப் பார்த்துச் சிலேட்டில் எழுதுவேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்காது. மழை, காற்று, கோழி இட்ட முட்டை, முளைத்த போஞ்சி, எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிவைப்பேன்.

எங்கள் காம்பிரா, தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசி அறை. கடைசி என்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் சரிவு நிலம் எங்களுக்கு வாய்த்தது. நானும் என் மனைவியும் அதில் கல் பொறுக்கி, படி படியாக வெட்டி, கோவா என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் போஞ்சி என்னும் பீன்ஸும் போட்டிருந்தோம். மேல் படியில் கோழிக்கூடு. அந்தக் கூட்டை மரநாய் இரண்டு தடவை பிரித்தது. கோவாவைப் புழு தின்றது. கோழிகளை விட்டுப் புழுவைப் பொறுக்க வைத்தால் அவை பாத்தியையே கிளறிப் போட்டன. கினிக்கோழி பாத்தியை அவ்வளவாகக் கிளறாது, புழுவைத் தேடித் தின்னும், புதிதாக ஒன்று அசைந்தால் மலையே கேட்கும்படி கத்தும் என்று அக்கரப்பத்தனைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா சொன்னார். மலைக்குக் கீழே, வெயில் காயும் பள்ளநாட்டில் இருந்த அவருடைய மைத்துனர் வீட்டில் அவை கூட்டமாக இருந்தன. முட்டை கொண்டுவந்து தரவும் அவரே ஒத்துக்கொண்டார்.

"தாரேன் கங்காணி. ஆனா சொல்லிப்போட்டேன், இந்தக் குளிருக்கு இது நிக்கிற சாமான் இல்ல."

எங்கள் மலையில் அதற்குமுன் கினிக்கோழியே இல்லை என்று சொல்ல முடியாது. தோட்டத்து நிர்வாகியான பெரியதுரையின் பங்களாவில் வளர்ந்த சோடி ஒன்று இருந்தது. அது முட்டையிட்டது, அடைகாத்தது, குஞ்சும் பொரித்தது. ஒரு குஞ்சுகூட ஒரு மாதம் தாண்டவில்லை. பங்களா சமையல்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார்.

"தொர வீட்டுல கண்ணாடி ரூமு கட்டி வளத்தே செத்துப் போச்சுங்க கங்காணி. உங்க காம்பிராவுல எந்தக் கண்ணாடி ரூமு?"

முதல் அடை பெப்ரவரியில் வைத்தோம். பன்னிரண்டு முட்டை, ஒரு நாட்டுக்கோழியின் கீழ். இருபத்தேழாம் நாள் ஒன்பது குஞ்சுகள் வந்தன. பழுப்பு நிறம், தலையில் கறுப்புக் கோடு, சிவந்த கால். கோழிக்குஞ்சைவிடச் சின்னவை, ஆனால் ஓட்டம் இரண்டு மடங்கு. தாய்க்கோழி தன் வழக்கப்படி விடிந்ததும் அவற்றைப் புல்லுக்கு அழைத்துப் போனது. பனி காய்வதற்குள் போனது. அதன் மேல் தப்பில்லை. அதன் குஞ்சுகள் எப்போதும் அப்படித்தான் வளர்ந்திருக்கின்றன. நாலாம் நாள் ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை.

இரண்டாவது அடையில் நடந்தது முழுக்க என் தவறு. ஈரம்தானே எதிரி, ஈரத்தை விரட்டுவதுதானே என் தொழில் என்று நினைத்தேன். எட்டுக் குஞ்சுகளையும் கூடையில் போட்டு, ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடம் அனுமதி கேட்டு, வாட்டும் மாடியின் ஓரத்தில் வைத்தேன். கொழுந்துக்கு எந்த வித்தியாசம் பதமோ அதையே இரண்டு வெப்பமானிகளிலும் நிறுத்திப் பிடித்தேன். மணிக்கு மணி எழுதினேன். அந்த மூன்று நாள் பக்கங்களைப் போல ஒழுங்கான பக்கங்கள் என் கொப்பியில் வேறு இல்லை. குஞ்சுகள் வாயைப் பிளந்தன, கால் தோல் சுருங்கியது, கண் மூடியது. தண்ணீர் வைத்தேன்; குடிக்கத் தெம்பில்லை. மூன்றாம் நாள் மாலை கடைசிக் குஞ்சும் போன பிறகுதான் அது காய்ந்து செத்தது என்று எனக்கு உறைத்தது.

வெறும் கூடையோடு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி அதை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"கொழுந்த வாட்டுற மாதிரியே வாட்டிப்புட்டீங்க," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் ஒரு தடவ பாப்போம். அதுவும் செத்துச்சுன்னா இந்த வீட்டுல இனிமே அட வைக்கக் கூடாது. கோழிக்குந்தான் சொல்றேன், கினிக்கோழிக்குந்தான் சொல்றேன். உசுர வரவச்சு வரவச்சுக் கொல்றதுக்கு நம்ம யாருங்க?"

அவள் சொன்னால் சொன்னதுதான். கூடும் கோழியும் அவள் பொறுப்பில் இருந்தவை. மூன்றாவது அடையோடு எல்லாம் முடிந்துவிடலாம் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நானா முட்டை கொண்டுவந்து கொடுத்தது வைகாசி தொடங்கும் நேரம். பதினைந்து முட்டை. பொரிக்கும்போது ஆனி மழை பிடித்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். "முட்ட மழைக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?" என்று அவள் வைத்துவிட்டாள்.

பதினான்கு பொரித்தன. ஒன்று அன்றைக்கே போயிற்று. பதின்மூன்றையும் தாய்க்கோழியிடமிருந்து எடுத்தோம். கோழி இரண்டு நாள் எங்களை ஏசியபடி கூட்டைச் சுற்றியது.

ஸ்டோரில் உடைந்த தேயிலைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கும். சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். அதை அடுப்பிலிருந்து மூன்றடி தள்ளி வைத்து, அடியில் காய்ந்த மணல் பரப்பி, இரண்டு சாராயப் போத்தல்களில் வெந்நீர் ஊற்றிச் சாக்குச் சுற்றி நடுவில் நிறுத்தினேன். ஒரு வெப்பமானியும் கட்டித் தொங்கவிட்டேன். குஞ்சுகள் போத்தலை நெருங்கின, விலகின, மறுபடி நெருங்கின, கத்திக்கொண்டே இருந்தன. வெப்பமானி சரியாகத்தான் காட்டியது.

அவள் பெட்டிக்கு முன்னால் குந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சூடு இருக்குங்க. மேல மூடுறதுக்கு ஒண்ணுமில்ல. கோழின்னா மேல படுக்கும்ல?"

எழுந்துபோய்த் தன் கம்பளியை எடுத்து வந்தாள். மழையில் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது தலையிலிருந்து முதுகு மூடப் போட்டுக்கொள்ளும் கனத்த கறுப்புக் கம்பளி, அந்த வருடத்தில் தோட்டத்தில் கொடுத்தது. கத்தியை வைத்து அதை விரல் அகலப் பட்டைகளாகக் கிழிக்க ஆரம்பித்தாள்.

"ஏ, பைத்தியமா? ஆனி மாசம் வருது, நீ என்னத்தப் போட்டுக்கிட்டு மலைக்குப் போவ?"

"சாக்குப் போட்டுக்குறேன். எனக்குச் சாக்கு போதும். இதுகளுக்குப் போதாது."

"பழசு ஒண்ணு இருக்குல்ல?"

"பழசுல கம்பளி எங்க இருக்கு? நூலுதான் இருக்கு."

பெட்டியின் குறுக்கே ஒரு குச்சியைப் பொருத்தி, பட்டைகளை அதில் நெருக்கமாகத் தொங்கவிட்டாள், மணலில் நுனி படும் உயரத்துக்கு. போத்தல்கள் அந்தத் தொங்கலுக்குள் மறைந்தன. சற்று நேரத்தில் ஒரு குஞ்சு பட்டையை விலக்கிக்கொண்டு உள்ளே போனது. பிறகு இரண்டு. பிறகு எல்லாம். கத்தல் நின்றுவிட்டது. உள்ளேயிருந்து ஒரு மெல்லிய முணுமுணுப்பு மட்டும் கேட்டது. அன்றைக்கு நான் வெப்பமானியைக் கழற்றிவிடவில்லை. ஆனால் அவள் அதைப் பார்க்கவே இல்லை என்பதைக் கவனித்தேன். குஞ்சுகள் கம்பளியின் நடுவில் குவிந்தால் போத்தலை மாற்றுவாள். கம்பளியை விட்டு வெளியே வந்து மூலைகளில் ஒதுங்கினால் ஒரு போத்தலை எடுத்துவிடுவாள். அவள் செய்ததையும் வெப்பமானி காட்டியதையும் ஒரு வாரம் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். அவள் ஒரு தடவையும் தவறவில்லை.

தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் நிரப்பினோம். இல்லாவிட்டால் அதில் விழுந்தே நனையும். தீனிக்கு அவித்த முட்டையைப் பொடியாக நறுக்கிக் கொடுத்தோம். அதைவிட அவற்றுக்குப் பிடித்தது தேயிலைப் புழு. கொழுந்து இலையைச் சுருட்டி ஒட்டிக்கொண்டு உள்ளே ஒரு பச்சைப் புழு இருக்கும். என் மனைவி கொழுந்து எடுக்கும்போது சுருண்ட இலையைத் தனியாகக் கிள்ளி முந்தானையில் முடிந்து வருவாள். ஒரு வாரத்தில் அவளுடைய நிரையில் நின்ற மற்றப் பெண்களும் கிள்ளிக் கொடுக்கத் தொடங்கினார்கள். "இந்தா, ஒம் பதிமூணு புள்ளைகளுக்கும் தீனி," என்று கேலி செய்துகொண்டே அவள் மடியில் போடுவார்கள்.

நாங்கள் இருவரும் வேலைக்குப் போகும் நேரத்தில் போத்தலை மாற்றப் பக்கத்துக் காம்பிராப் பெண் ஒத்துக்கொண்டாள். அவளுக்குப் பிள்ளை பிறந்து இரண்டு மாதம். மலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். வாய் சும்மா இருக்காது.

"எம் புள்ளைக்கு வெந்நி வைக்க வெறகில்ல, ஒங்க கோழிப் புள்ளைகளுக்குப் போத்தலு போத்தலா வெந்நி. எந்த ஊருல அக்கா இந்த அநியாயம்?" என்று என் மனைவியிடம் கேட்பாள். கேட்டுவிட்டு நேரம் தவறாமல் மாற்றுவாள்.

பன்னிரண்டாம் நாள் விடிந்ததிலிருந்தே காற்று. தென்மேற்குக் காற்று எங்கள் லயத்தின் கடைசிச் சுவரில் நேராக வந்து மோதும். நான் முற்பகலே ஸ்டோருக்குப் போய்விட்டேன். ஒரு மணி தாண்டியிருக்கும். மாடிப்படியில் யாரோ கத்திக்கொண்டு ஏறுவது கேட்டது.

"அண்ணே! அண்ணே! எங்க இருக்கீங்க?"

பக்கத்துக் காம்பிராப் பெண். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். முதுகில் கொழுந்துக் கூடை, அதன்மேல் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு இறுக்கி மூடியிருந்தது.

"கூரத் தகரம் தூக்கிக்கிருச்சுண்ணே. பெட்டிக்குள்ள தண்ணி. போத்தலு மாத்தப் போனேன், எல்லாம் மெதக்குதுங்க. புள்ளைய எதுத்தாப்புல குடுத்துட்டு ஓடியாந்தேன்."

சாக்கை விலக்கினேன். பதின்மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. நனைந்த குஞ்சு கட்டைவிரல் அளவுதான் இருக்கும். இரண்டு விறைத்திருந்தன. மற்றவற்றில் எதற்கு உயிர் இருக்கிறது, எதற்கு இல்லை என்று தெரியவில்லை. செடி கழித்து வெட்டிய கவ்வாத்து மலைப்பக்கம் சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் நிற்கும் என் மனைவியை நினைத்தேன். அவள் போட்ட கெடு நினைவுக்கு வந்தது.

கீழே இறங்கி, தேயிலை காயவைக்கும் ட்ரையரின் பின்பக்கத்துக்கு ஓடினோம். அங்கே சூடு வரும், நெருப்பு வராது. விறைத்த இரண்டையும் ஒதுக்கிவிட்டு, சணல்துணியை விரித்துப் பதினொன்றையும் கிடத்தினேன். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் துணியால் ஒற்றித் திருப்பி வைத்தேன். பதமாக வாடிய கொழுந்தைக் கையில் அமுக்கிவிட்டால் அமுங்கியபடியே நிற்கும், துள்ளி விரியாது. இருபது வருடமாக என் விரலுக்குத் தெரிந்த பதம் அதுதான். அன்றைக்கு நான் காத்திருந்தது அதற்கு நேர்மாறானதற்கு: அமுக்கிய மயிர் மறுபடி நிமிர வேண்டும். முதலில் ஒன்றில் நிமிர்ந்தது. பிறகு நாலில். ஒன்று தலையைத் தூக்கி ஒரு சத்தம் போட்டது. எனக்கு வந்த மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் இன்னும் ஒரு சாண் கிட்டத் தள்ளி வைத்தேன். முழுக்கக் காய்ந்துவிட்டால் பயமில்லை என்று பட்டது.

"போதும்ண்ணே," என்றாள் அவள்.

"இன்னும் அடியில ஈரம் இருக்கும்மா."

"ஈரம் இருந்தா இருந்துட்டுப் போவுது. வாயத் தொறக்குதுங்க பாருங்க! எடுங்கண்ணே, எடுங்க!"

பார்த்தேன். முன்வரிசையில் மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்தபடி இருந்தன. அதே வாய். இரண்டாவது அடையில் மூன்று நாள் பார்த்து எழுதிய வாய். நான் நகர்வதற்குள் அவள் துணியோடு சேர்த்து எல்லாவற்றையும் இழுத்துத் தன் பக்கம் கொண்டுவந்துவிட்டாள். சீனித்தண்ணீரை விரல் நுனியில் தொட்டு ஒவ்வொன்றின் அலகிலும் வைத்தோம். பதினொன்றும் குடித்தன. அவள் தன் நெஞ்சுச் சேலைக்குள் ஆறைப் போட்டுக்கொண்டாள். நான் சட்டைக்குள் ஐந்தைப் போட்டுக்கொண்டேன். டீமேக்கர் ஐயா பார்த்துக்கொண்டே நின்றவர், "போய் விட்டுட்டு வாங்க கங்காணி. கொழுந்த நான் பாத்துக்குறேன்," என்றார். அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னது அந்த ஒரு தடவைதான்.

மாலையில் என் மனைவி வந்தபோது கம்பளிப் பட்டைகள் அடுப்பின்மேல் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. நான் கூரைமேல் தகரத்துக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவள் எதுவும் கேட்காமல் பெட்டிக்குள் விரலை விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பிறகு முந்தானையை அவிழ்த்துப் புழுக்களைத் தட்டில் கொட்டினாள்.

அதன்பிறகு ஒன்றும் சாகவில்லை. மூன்றாம் வாரத்தில் இறக்கையில் புள்ளிகள் தெரிந்தன. நாலாம் வாரத்தில் பெட்டி விளிம்பில் ஏறி உட்கார்ந்தன. ஐந்தாம் வாரத்தில் காம்பிராவுக்குள் எங்களுக்கு இடமில்லை. நாற்பத்து மூன்றாம் நாள், மழை விட்டு வெயில் நன்றாக ஏறி, புல்லைக் கையால் தடவிப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று என் மனைவி சொன்ன பிறகு, கதவைத் திறந்தோம். பதினொன்றும் வாசலில் ஒரு வரிசையாக நின்றன. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் கத்திக்கொண்டு கிளம்பி, கோவாப் பாத்தியைத் தாண்டி, லயத்துக் கூரையில் போய் இறங்கின. தகரத்தில் கல் மழை விழுந்தது போல ஒரு சத்தம். எல்லாக் காம்பிராவிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். கொழுந்துக் கூடையோடு போனவர்களும் நின்று பார்த்தார்கள். அந்த மழைக்காலத்தில், அந்த உயரத்தில், லயத்துக் காம்பிராவில் வளர்ந்த பதினொரு கினிக்கோழிகள். என் வாழ்நாளில் நான் அவ்வளவு நிமிர்ந்து நின்ற நாள் அதிகம் இல்லை. அதை எழுதிவைக்க வெட்கப்படவில்லை.

அன்று சாயந்திரம் கொப்பியை எடுத்து முழுவதையும் சுத்தமாக எழுதினேன். முட்டை வைத்த நாள், பொரித்த எண்ணிக்கை, கம்பளிப் பட்டையின் அகலம், தீனி, போத்தல் மாற்றிய நேரங்கள். என் மனைவிக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டச் சொன்னாள். போஞ்சி உரித்துக்கொண்டே கேட்டாள்.

பன்னிரண்டாம் நாளுக்கு இப்படி எழுதியிருந்தேன்: "பிற்பகல் ஒரு மணி. கூரை திறந்து பெட்டியில் நீர் புகுந்தது. குஞ்சுகளை ட்ரையரின் பின்பக்கத்தில் வைத்து இருபது நிமிடம் உலர்த்தினேன். பதினொன்று பிழைத்தன."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"இருவது நிமிசம்னு எழுதியிருக்கீங்க. நிறுத்தச் சொன்னது யாருன்னு எழுதலையே?"

பேனாவைத் தேடி எடுத்தேன்.

"கூட தூக்கிக்கிட்டு ஓடியாந்தது யாருன்னும் எழுதல. பச்ச ஒடம்புக்காரி. அந்த வழுக்குல விழுந்திருந்தா?"

"எழுதுறேன்."

"அவ இல்லாட்டி இந்தத் தடவையும் வாட்டியிருப்பீங்க."

உண்மை. கணக்கு எழுதுகிறவன் என்று நான் என்னைப் பற்றி வைத்திருந்த எண்ணத்தில் அது ஒரு பெரிய ஓட்டை. வரிகளுக்கு நடுவே இடமில்லை. பக்கத்தின் ஓரத்தில், கொப்பியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, சின்ன எழுத்தில் எழுதினேன்: பக்கத்துக் காம்பிராப் பெண் மழையில் கூடையில் சுமந்து ஓடிவந்தாள், குஞ்சுகள் வாய் திறப்பதை அவளே கண்டு நிறுத்தினாள், அதனாலேயே பதினொன்று. கம்பளியை யோசித்ததும் கிழித்ததும் என் மனைவி. அதையும் வாசித்துக் காட்டினேன். அவள் மறுபடி உரிக்க ஆரம்பித்தாள்.

"சரி," என்றாள் கடைசியில். "அந்த வெள்ளக் கோழி ரெண்டு நாளா கூட்ட விட்டு எறங்க மாட்டேங்குது. அடைக்கு நிக்குது. கடத்தெருவுக்குப் போறப்ப நானாகிட்ட இன்னும் பதினஞ்சு முட்டைக்குச் சொல்லி விடுங்க."